சீட்டில் நோயின் பெயரையும் எழுதுங்கள்: சேலம் மாவட்ட மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவப் பெருமக்களுக்கு,

வணக்கம். அஸ்தம்பட்டிப் பகுதியில் 22 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்திவரும் மருந்தாளுநர் நான். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கோரிமேடு வழியாக இறங்கிவரும் பேருந்துகள் எங்கள் சாலையில்தான் நகருக்குள் நுழைகின்றன. அதனால் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் கூலிவேலை செய்யும் பெண்களும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளில் குனிந்தபடியே பொழுதைக் கழிப்பவர்களும், அம்மாபேட்டைத் தறிக்காரக் குடும்பத்தினரும் ஏதோ ஒரு நாளில் என் கடைப் பலகையின் முன் வந்து நின்றிருக்கிறார்கள். உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கையெழுத்தை வைத்தே இது இன்னார் சீட்டு என்று சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம் தந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று: நீர்ப்பாதைத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் எழுதும்போது, அதை எதற்காக எழுதுகிறீர்கள் என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள்.

இதற்கா ஒரு திறந்த மடல் என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு சீட்டின் கதையைச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். லீவோஃப்ளாக்சசின் 750 மில்லிகிராம், நாளைக்கு ஒன்று, ஏழு நாள். அதற்குக் கீழே ஒரு வலி மாத்திரை, ஒரு வாயு மாத்திரை. வேறு ஓர் எழுத்துகூட அந்தச் சீட்டில் இல்லை. நான் மாத்திரைகளைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டு, காலை மாலை என்று பேனாவால் குறித்துக் கொடுத்து அனுப்பினேன். அதே அம்மா மாதந்தோறும் என் கடையில்தான் சர்க்கரைக்காக கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் வாங்குகிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் அன்று கூட்டம். நான் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவருடைய மகன் வந்தார். "விடியக்காலையில அம்மா வேர்த்து விறுவிறுத்து, ஆள் அடையாளம் தெரியாம என்னமோ பேசிட்டு இருந்துச்சுங்க. பக்கத்து வீட்டு அக்காதான் வாயில சர்க்கரையை அள்ளிப் போட்டாங்க" என்றார். ஜீப் பிடித்து மலையிறக்கி, மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு நான் அவரிடமே உட்கார்ந்து கேட்டேன். காய்ச்சல் இருந்ததா? இல்லை. குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கத்தில் வலி, வாந்தி? எதுவும் இல்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் என்ற உந்துதல், அவ்வளவுதான். சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்ட எளிய தொற்று அது.

லீவோஃப்ளாக்சசினும் அதன் உடன்பிறப்புகளும் கணையத்திலிருந்து இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கக்கூடியவை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் ஒன்றுசேரும்போது, நோய்வாய்ப்பட்டுச் சரியாகச் சாப்பிடாத ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். வயதானவரின் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால் லீவோஃப்ளாக்சசின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். அப்படிப்பட்டவர்களுக்கு 750 மில்லிகிராமை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்க வேண்டியிருக்கும். இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த கேட்டிஃப்ளாக்சசின் மாத்திரையை இரத்தச் சர்க்கரையைத் தாறுமாறாக்குகிறது என்பதற்காகவே 2011-இல் நம் நாட்டில் தடை செய்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தக் குடும்பம் முழுவதற்கும் உள்ள தாழ்சர்க்கரை எச்சரிக்கையை 2018 ஜூலையில் மேலும் கடுமையாக்கியது.

சீட்டை எழுதிய மருத்துவரைக் குறைகூற இந்த நிகழ்வைச் சொல்லவில்லை. வாசலில் நாற்பது பேர் காத்திருக்கும் மாலை நேரத்தில் உட்கார்ந்து எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டதோ என்று அவர் சந்தேகித்திருக்கலாம். அப்படியானால் அந்த மருந்துக்கு ஒரு நியாயம் உண்டு. அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என் குறை. "எளிய நீர்ப்பாதைத் தொற்று, காய்ச்சல் இல்லை" என்று ஒரு வரி அந்தச் சீட்டில் இருந்திருந்தால், என் கை கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் தொலைபேசியை எடுத்திருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

இது என் சொந்த ஆசையும் இல்லை. மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியிலேயே நாட்டின் மருத்துவக் கல்லூரிகளுக்கும் மருத்துவச் சங்கங்களுக்கும் கடிதம் எழுதி, ஆன்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் கட்டாயம் குறிப்பிடுமாறு கேட்டுக்கொண்டது. எங்களைப் போன்ற மருந்தாளுநர்களுக்கும் அதே வேளையில், முறையான சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்று எழுதினார்கள். இரண்டு கடிதங்களும் வந்த பிறகு என் கடைக்கு வந்த சீட்டுகளில் காரணம் எழுதியவை மிகச் சில. எங்கள் தரப்பும் சுத்தமில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த நோய் வருவதற்கான வழியை மலையில் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும், புரிந்துவிடும். தோட்டத்தில் நாள் முழுவதும் நிற்கும் பெண்ணுக்கு அருகில் கழிப்பறை இருக்காது; ஆண்கள் கண்ணில் படாமல் ஒதுங்க இடம் தேடவேண்டும் என்பதாலேயே காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். கொலுசுப் பட்டறையிலும் துணிக்கடையிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. சித்திரை வெயிலில் சேலம் நகரம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் இந்தத் தொற்று வரும், தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை ஓராண்டு கவனித்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், வழக்கத்தைவிட நாளைக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தொற்று குறைந்தால் ஆன்டிபயாடிக்கும் குறையும். ஆகவே "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதோடு நிற்காமல், எவ்வளவு என்று அளவு சொல்லி அதையும் சீட்டில் எழுதினால், அதை நான் அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். நீங்கள் எழுதியதை நான் படித்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு.

இனி மருந்துகளுக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் காரணம் எழுதப்படாத சீட்டில் ஒவ்வொரு மருந்தும் கடைப் பலகையின் இந்தப் பக்கத்தில் என்ன சிக்கலை உண்டாக்குகிறது என்பதை நான்தான் பார்க்கிறேன்.

எளிய சிறுநீர்ப்பைத் தொற்றில் பெரும்பாலும் குற்றவாளி நம் குடலிலேயே வாழும் ஈ கோலை என்ற கிருமிதான். அதற்கு முதல் வரிசையில் நிற்கும் மருந்து நைட்ரோஃபுரான்டாயின்: 100 மில்லிகிராம், சாப்பாட்டோடு, காலையும் இரவும், ஐந்து நாள். 1950-களில் வந்த பழைய மருந்து இது. கிருமியின் உடலில் ஒரே இடத்தைத் தாக்காமல் பல இடங்களில் ஒருசேரத் தாக்குவதால், எழுபது ஆண்டுகள் கழிந்தும் ஈ கோலை இதற்கு எதிராகப் பெரிய அளவில் பழகிக்கொள்ளவில்லை. இரத்தத்தில் அதிகம் தங்காமல் சிறுநீரில் வந்து செறிவதால், குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கும் அவ்வளவாகத் தொல்லை தராது. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை வகைப்படுத்தியபோது, தயங்காமல் முதலில் எடுக்கத்தக்கவை என்ற பிரிவில் இதை வைத்தது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், செஃபிக்சிம் ஆகியவை கண்காணிப்போடு பயன்படுத்த வேண்டியவை என்ற பிரிவில் இருக்கின்றன. 2030-க்குள் உலகில் மனிதர்களுக்குக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக்குகளில் 70 விழுக்காடாவது முதல் பிரிவிலிருந்து வரவேண்டும் என்று 2024-இல் ஐ.நா. பொதுச்சபையில் நாடுகள் உறுதி ஏற்றிருக்கின்றன. அந்த 70 விழுக்காடும் ஏதோ ஒரு ஊரின் மேசையில் எழுதப்படும் சீட்டுகளால்தான் நிறைவேற வேண்டும்.

ஆனால் இதே நைட்ரோஃபுரான்டாயின், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் பயன்படாது. சிறுநீரில் செறிகிறதே தவிரச் சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேருவதில்லை. காய்ச்சலோடும் குளிர் நடுக்கத்தோடும் வந்த பெண்ணுக்கு இதைக் கொடுத்தனுப்பினால், ஐந்து நாள் மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையிலேயே அவர் வீட்டில் கிடந்து மோசமாகிவிடுவார். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கும் இது கூடாது, ஏனெனில் மருந்து சிறுநீரை எட்டாமல் உடலிலேயே தங்கி நரம்புகளைப் பாதிக்கும். பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிக்கும், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவருக்கும், பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கும் தவிர்க்க வேண்டியது. இத்தனை விதிகளும் எனக்குத் தெரிந்து என்ன பயன், யாருக்கு எதற்காக எழுதியிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாதபோது? "காய்ச்சல் இல்லை, கிரியாட்டினின் 0.9" என்று, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவையும் சேர்த்து, ஓர் ஓரத்தில் எழுதிவிட்டால், நான் சந்தேகமே இல்லாமல் மருந்தை எடுத்துக் கொடுத்து, சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்புவேன். அதைச் சொல்லாததால் மூன்றாம் நாளே மருந்தை நிறுத்திவிட்டு இரத்தம் போகிறதோ என்று ஓடிவந்தவர்கள் உண்டு.

ஃபாஸ்ஃபோமைசின் மூன்று கிராம் பொடிப் பொட்டலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே வேளை, வெறும் வயிற்றில், படுக்கப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டியது. சில நூறு ரூபாய் விலையுள்ள அந்தப் பொட்டலத்தை மூன்றாகப் பிரித்து மூன்று நாள் குடித்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சீட்டில் "1" என்று மட்டும் இருந்தது. "ஒரே ஒருமுறை" என்று இருந்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது.

கோ-ட்ரைமாக்சசோல் மலிவான மருந்து, மூன்றே நாளில் வேலை செய்யும். ஆனால் ஒரு வட்டாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கிருமிகள் அதற்கு மசியாமல் போய்விட்டால், பரிசோதனை முடிவு வருவதற்கு முன் அதைத் தொடங்கக் கூடாது என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனோ எனலாபிரிலோ, இதயத்துக்காக ஸ்பைரோனோலாக்டோனோ சாப்பிடும் முதியவருக்கு இதைக் கொடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறலாம். டெல்மிசார்டன் சாப்பிடாத அறுபது வயதுக்காரரை என் கடையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

லீவோஃப்ளாக்சசின் குடும்பத்தைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் நீர்க்கடுப்பு என்றவுடன் நம் மாவட்டத்தில் எழுதுகிற கை முதலில் போவது அங்கேதான். குதிகால் தசைநார் வீங்குவதும் அறுந்துபோவதும் இந்த மருந்துகளால் நேரலாம் என்று 2008-இலேயே அமெரிக்காவில் கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது. அறுபதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். வேறு மருந்து இருக்கும்போது எளிய நீர்ப்பாதைத் தொற்றுக்கு இவற்றைத் தவிர்க்கவேண்டும் என்று 2016-இல் அமெரிக்காவிலும், ஈராண்டு கழித்து ஐரோப்பாவிலும் அறிவுறுத்தினார்கள். மலைச்சரிவில் ஏறி இறங்கிப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்குக் குதிகால் என்பது வாழ்வாதாரம். நம் நாட்டுக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. லீவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் மருந்துக்கு மசியாத காசநோய்க்கான சிகிச்சையில் முக்கியமான ஆயுதங்கள். நாட்பட்ட இருமலோடு இருக்கும் ஒருவர் நீர்க்கடுப்புக்காக இதைச் சாப்பிட்டால், உள்ளே இருக்கும் காசநோய் அரைகுறையாக அடங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். கிருமியும் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளலாம். செஃபிக்சிமும் ஆஃப்ளாக்சசினும் போல இரண்டு ஆன்டிபயாடிக்குகளை ஒரே மாத்திரைக்குள் அடைத்துவரும் கலவைகளும் என் அலமாரிக்கு விற்பனைப் பிரதிநிதிகள் மூலம் வந்துகொண்டே இருக்கின்றன. இப்படிப்பட்ட பல கலவைகளைப் பரிந்துரைக்கத் தகாதவை என்று உலக சுகாதார நிறுவனம் தனியாகப் பட்டியலிட்டிருக்கிறது. நீங்கள் எழுதாவிட்டால் நான் அவற்றை வாங்கி வைக்கமாட்டேன்.

சிறுநீர்ப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. முழு உடல் பரிசோதனைத் திட்டத்தில் எடுத்த அறிக்கையோடு வருகிறார்கள்; சீழ் அணுக்கள் எட்டு முதல் பத்து என்று இருக்கிறது; உடனே ஓர் ஆன்டிபயாடிக். எரிச்சலோ காய்ச்சலோ எந்தத் தொந்தரவும் இல்லாதவரின் சிறுநீரில் கிருமி இருப்பதற்கு, அவர் முதியவராக இருந்தாலும் சர்க்கரை நோயாளியாக இருந்தாலும், சிகிச்சை தேவையில்லை என்பது நிலைபெற்ற மருத்துவக் கருத்து. சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்தியவரின் சிறுநீர் கலங்கலாகவும் நாற்றத்தோடும் இருக்கிறது என்பது மட்டுமே மருந்து கொடுக்கக் காரணமாகாது. கர்ப்பிணிகள் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும் கிருமி இருந்தால் மருந்து கொடுக்கவேண்டும், இல்லையென்றால் அது சிறுநீரகத்துக்கு ஏறித் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகலாம். நீர்ப்பாதையில் காயம் உண்டாகக்கூடிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் மற்றொரு விதிவிலக்கு. ஒரு சீட்டைப் பார்த்து அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறாரா என்று நான் அறிய முடியாது; பலர் கடையில் நின்று சொல்லவும் கூச்சப்படுவார்கள். "கர்ப்பம், 20 வாரம்" என்று நீங்கள் எழுதுவது எனக்கு விளக்கேற்றி வைத்தது போல.

அரிப்பும் வெள்ளைப்படுதலும் உள்ளவர்கள் நீர்க்கடுப்பு என்றே சொல்லி வருவதுண்டு. டாபாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள் பரவலாகிவிட்ட இந்த நாட்களில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வருகிறது. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் செழிக்கும். காரணத்தை எழுத வேண்டும் என்று பேனா ஒரு நொடி நிற்கும்போது, இது தொற்றா பூஞ்சையா என்ற கேள்வியை நோயாளியிடம் கேட்க அந்த நொடி உதவும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை எல்லோருக்கும் வேண்டியதில்லை. முதல்முறை வரும் எளிய தொற்றுக்கு அது இல்லாமலேயே மருந்து தொடங்கலாம். ஆனால் ஆண்களுக்கும், குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், காய்ச்சலோடு வருகிறவர்களுக்கும், திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கும் சிறுநீரை எடுத்து அனுப்பிய பிறகுதான் முதல் மாத்திரை உள்ளே போகவேண்டும். மலையிலிருந்து வருபவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. வீட்டிலேயே பாட்டிலில் பிடித்து, பைக்குள் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் வந்து, ஆய்வகத்திலும் வரிசையில் நின்று கொடுக்கும்போது இரண்டு மணி நேரம் கடந்துவிடுகிறது. அதற்குள் கிருமிகள் பெருகி முடிவே பொய்யாகிவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்தால்தான் ஒரு நாள் வரை தாங்கும். சேலத்துக்கு வந்த பிறகு ஆய்வகத்திலேயே, கழுவிச் சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். "கல்ச்சர் கொடுத்த பிறகு தொடங்கவும்" என்று சீட்டில் எழுதுங்கள். நான் மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன் கொடுத்துவிட்டார்களா என்று கேட்பேன்.

இப்போது எங்கள் தரப்புக் குற்றத்தைச் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில், கடையிலுள்ள ஆண்கள் போகட்டும் என்று ஓரமாகக் காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, சூடு புடிச்சிருச்சு, ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்ட எத்தனையோ பெண்களுக்கு நான் நார்ஃப்ளாக்சசினை அட்டையிலிருந்து இரண்டிரண்டாகக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறேன். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதி, காலாவதித் தேதி இன்னொரு பாதியில். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது என்பதை எனக்குக் காட்டும், மருந்து அட்டையின் மேலுள்ள சிவப்புக் கோடு 2016 முதல் நாடெங்கும் விளம்பரப்படுத்தப்பட்டது. அதற்கு முன்பும் சட்டம் இருந்தது, எனக்குத் தெரிந்தும் இருந்தது. இரண்டு மாத்திரையில் எரிச்சல் அடங்கும், கிருமி அடங்காது. அடுத்த முறை அவர்கள் வரும்போது அதே மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். என் கைகளும் இந்த ஊரின் கிருமிகளைப் பழக்கியிருக்கின்றன என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இன்று சீட்டு இல்லாமல் ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரையும் என் கடையிலிருந்து போவதில்லை. லீவோஃப்ளாக்சசின், செஃபிக்சிம் உள்ளிட்டவற்றை 2014 மார்ச் முதல், விற்பனையைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டிய மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணையில் சேர்த்திருப்பதால், எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்கிறேன். அந்தப் பதிவேட்டில் காரணத்துக்கு என்று நானே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் அந்தக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. சீட்டில்லாமல் வரும் பெண்ணிடம் காய்ச்சல், முதுகுவலி, கர்ப்பம், சர்க்கரை பற்றிக் கேட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்லி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறேன். அவர்களில் சிலர் கோபித்துக்கொண்டு இரண்டு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொள்வது எனக்குத் தெரியும். இந்த நிலையை ஒரு கடையால் மாற்ற முடியாது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் எங்கள் வணிகர் சங்கமும் சேர்ந்துதான் மாற்றவேண்டும். அவர்களுக்கும் இந்த மடலின் படியை அனுப்புகிறேன்.

உங்கள் சங்கக் கூட்டங்களில் பேசுவதற்கு இன்னும் ஒன்று. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நகரத்துத் தனியார் ஆய்வகங்களிலும் நாள்தோறும் சிறுநீர்க் கல்ச்சர் முடிவுகள் வெளிவருகின்றன. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்பதை, நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே தாளில் தொகுத்து மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு மருத்துவருக்கும் கொடுத்தால், ஏற்காட்டிலும் வாழப்பாடியிலும் எடப்பாடியிலும் தனியாக உட்கார்ந்து எழுதுபவர் ஊகத்தின் பேரில் எழுத வேண்டியிருக்காது. கோ-ட்ரைமாக்சசோல் பற்றி மேலே சொன்ன ஐந்தில் ஒரு பங்கு எல்லையைச் சேலத்தில் தாண்டிவிட்டோமா என்பதற்கு அந்தத் தாள்தான் விடை சொல்லும். கேரளம் 2018-இல் தனக்கென்று ஒரு செயல்திட்டம் வகுத்து, மாநிலம் முழுமைக்குமான இப்படிப்பட்ட தொகுப்பை வெளியிட்டுவருகிறது. சீட்டில்லாமல் விற்கும் கடைகளில் 2024-இல் திடீர்ச் சோதனைகளையும் தொடங்கியது. நாட்டின் மருத்துவச் சங்கங்கள் 2012-இல் ஒன்றுகூடி, மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றிப் பிரகடனம் வெளியிட்டது நம் சென்னையில்தான். அதற்கான அறிவும் ஆளும் நம்மிடம் இருக்கின்றன.

காரணம் எழுதுவதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம் என்பதையும் உணர்கிறேன். நோயின் பெயரைக் கடைக்காரர் படிப்பது நோயாளிக்குக் கூச்சமாக இருக்குமே என்று ஒரு மருத்துவர் என்னிடம் கேட்டார், நியாயமான கேள்வி. சிறுநீர்ப்பாதைத் தொற்று என்பதில் ஒளிக்க ஒன்றுமில்லை; வேறு எதையும் எழுத விருப்பமில்லாவிட்டால் "நீ.தொ." என்று இரண்டெழுத்தில் எழுதுங்கள், எங்களுக்குப் புரியும். நேரம் போதாது என்றால், மருந்தின் பெயரையும் நாட்களையும் எழுதிய பிறகு மூன்று சொற்கள் மட்டும்: எளிய தொற்றா சிக்கலானதா, சிறுநீரகம் எப்படி, கர்ப்பம் உண்டா இல்லையா. அதோடு உங்கள் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும் தெளிவாக இருக்கட்டும். மருந்தாளுநர் சீட்டைச் சரிபார்த்து, சந்தேகம் வந்தால் எழுதிய மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று 2015-இன் மருந்தகத் தொழில் ஒழுங்குமுறைகள் என் மீது கடமையாக வைத்திருக்கின்றன. அப்படி நான் அழைக்கும்போது, உங்கள் அறிவைச் சோதிக்க அழைப்பதாக எண்ணாமல் பேசுங்கள்.

அந்த அம்மா இப்போதும் மாதந்தோறும் வருகிறார். அவருடைய பெயருக்கு நேராக என் குறிப்பேட்டில் சிவப்பு மையால் "கிளிமெபிரைடு: லீவோ, சிப்ரோ வந்தால் அழைக்க" என்று எழுதி வைத்திருக்கிறேன். யாரை அழைப்பது, அழைத்தால் என்ன கேட்பது என்பதை அடுத்த சீட்டில் நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் நான் முடிவு செய்யவேண்டும்.

பணிவுடன்,
ஒரு மருந்தாளுநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.